பின்னாலிருந்து பார்த்தால் என் தம்பி

மனிதர்களை முகத்தை வைத்து மட்டும் அடையாளம் காண்கிறவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள் என்பது என் கட்சி. வங்கி வரிசையில் நின்றாலும் சரி, பேருந்தில் உட்கார்ந்தாலும் சரி, என் கண் முன்னால் இருப்பவரின் உச்சந்தலைக்குத்தான் போகும். வழுக்கைத் தலையில் முடி நடுகிற டாக்டர் நான். எதிர் வீட்டுக்காரரின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருடைய உச்சிச்சுழி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

என் தம்பியின் தொழில் இதைவிட விநோதம். அவன் ஒரு பெரிய நடிகரின் முதுகு. நாயகியின் முகத்தைக் காட்டும்போது அவள் எதிரே ஒரு தோளும் அரைத் தலையும் தெரியுமே, அது இவன். நாயகன் கோபித்துக்கொண்டு கதவை அறைந்துவிட்டுப் போனால், போகிறவன் இவன். மழையில் தன்னந்தனியாக நடப்பவனும் இவன்தான். நடிகருக்கு உச்சியில் வெகுநாளாகவே முடி கிடையாது, ஒட்டுமுடிதான். அதனால் அவர் கேமராவுக்கு முதுகு காட்டவே மாட்டார்.

படப்பிடிப்பில் தம்பிக்குப் பெயரே 'முதுகு'தான். "முதுகு சாப்பிட்டாச்சா?" "முதுகைக் கூப்பிடுங்கப்பா." அவனுக்கு அதில் துளியும் வருத்தமில்லை, பெருமைதான். அம்மாவுக்கு அதைவிடப் பெருமை. தியேட்டரில் நாயகன் திரும்பி நின்றதும் பக்கத்து சீட்டில் இருப்பவரை முழங்கையால் இடித்து, "என் பையன்" என்பாள். நாயகன் முகத்தைக் காட்டியதும், "இப்ப இல்ல" என்பாள். அந்த மனிதர் இடைவேளையில் இடம் மாறி உட்கார்ந்துவிடுவார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தம்பிக்கும் உச்சியில் முடி கொட்டத் தொடங்கும்வரை. எங்கள் அப்பா வழியில் ஆண்களுக்கு வேறு சொத்து வருகிறதோ இல்லையோ, இது தவறாமல் வந்துவிடும். வீட்டில் ஒரு டாக்டர் இருந்தால் அவரிடம் மட்டும் எதையும் சொல்லக்கூடாது என்பது எங்கள் குடும்பத்தின் எழுதாத சட்டம். அவன் தொப்பி போட்டுக்கொண்டான். தொப்பியோடு சாப்பிட்டான், தொப்பியோடு தூங்கினான். படப்பிடிப்புக்குப் போகும்போது கறுப்புப் பொடி ஒன்றை உச்சியில் தூவி மறைத்தான். நானும் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

ஒரு நாள் செயற்கை மழையில் காட்சி. வெள்ளைச் சட்டை போட்டு இவனை நடக்க விட்டிருக்கிறார்கள். நாலடி வைப்பதற்குள் பொடி கரைந்து கழுத்தில் வழிந்து, சட்டை முதுகெல்லாம் கறுப்புக் கோடு. இயக்குநர் "கட்" என்பதற்கு முன்பே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதிகம் சிரித்தது ஒட்டுமுடி வைத்திருக்கிற அந்த நடிகர்தானாம். எப்படி இருக்கிறது பாருங்கள்.

அதே சட்டையோடு, சொட்டச் சொட்ட, என் மருத்துவமனைக்கு வந்து நின்றான்.

"அக்கா, என் தலையைக் கொஞ்சம் பாரு."

"ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டுத்தான்டா இருக்கேன்."

"பின்ன ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"தொப்பிகிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியல."

நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் பிழிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னான். அவன் அப்போது நடித்துக்கொண்டிருந்த படம் இரண்டு பாகம். முதல் பாகத்தின் கடைசிக் காட்சியை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. நண்பனைப் பறிகொடுத்த நாயகன் ஒரு கல்குவாரியின் விளிம்பில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான், நமக்கு முதுகு மட்டும்தான் தெரியும். அதை எடுத்தபோது தம்பியின் உச்சியில் முடி ஓரளவு இருந்தது, மீதியைப் பொடி பார்த்துக்கொண்டது. அடுத்த வருடம் இரண்டாம் பாகம் தொடங்குவதும் அதே இடத்தில், அதே முதுகில்தான். காட்சிக்குக் காட்சி எல்லாம் பொருந்துகிறதா என்று பார்க்கிற கன்டினியூட்டி அம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, தலை ஒத்துப்போகாவிட்டால் வேறு ஆளைத்தான் வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து அடர்த்தியான தலையோடு ஒருவனை வரவழைத்து, திருப்பி நிறுத்தியும் பார்த்துவிட்டார்களாம்.

"அந்த நடிகர் மாதிரி நீயும் ஒட்டுமுடி வச்சுக்கோயேன்டா."

"குவாரியில காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும் அக்கா. க்ளோஸ்-அப் வேற. ஓரம் தூக்கிடும்."

"சரி, போனா போகுது. உனக்கு வேற வேலையா கிடைக்காது?"

"வேலை கிடைக்கும்." தொப்பியை மடியில் வைத்தான். "சின்ன வயசுல நடிக்கணும்னு எத்தனை கம்பெனி ஏறி இறங்கினேன், உனக்குத் தெரியாதா? என் முகத்தைப் பாத்து யாருமே ஒண்ணும் சொன்னதில்ல. நல்லாருக்குன்னும் சொல்லல, நல்லால்லன்னும் சொல்லல. ஆனா நான் திரும்பி நின்னா தியேட்டர்ல அழறாங்க அக்கா. நான் பாத்திருக்கேன். அதை இன்னொருத்தனுக்குக் குடுக்க எனக்கு மனசு வரல."

சொந்தக்காரர் தலையில் கை வைக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் நல்ல பழக்கம். அன்று அந்தப் பழக்கத்தை ஓரமாக வைத்தேன்.

இங்கே தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நான் பட்ட பாடு புரியாது. பின்மண்டையில், காதுக்குக் காது ஓடும் பட்டையில், முடி அவ்வளவு சீக்கிரம் கொட்டாது. அங்கிருந்து முடியை வேரோடு எடுத்து, வழுக்கை விழுந்த இடத்தில் மெல்லிய கத்தியால் கீறிய பொடிக் கீறல்களில் நடுவோம். எடுப்பதும் நடுவதும் பொறுமை இருந்தால் வந்துவிடும். விஷயமெல்லாம் சாய்மானத்தில் இருக்கிறது. எந்த முடியும் தலையில் நட்டுக்குத்தாக நிற்பதில்லை. நெற்றியில் முன்னோக்கிச் சாயும், காதோரம் கீழ்நோக்கிப் படுக்கும், உச்சியில் ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழலும். கீறல் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அந்தக் கோணத்தில்தான் வேர் ஒட்டிக்கொள்ளும், ஆயுசுக்கும் அந்தப் பக்கம்தான் முடி வளரும். சீப்பு, எண்ணெய், கெஞ்சல் எதற்கும் மசியாது.

இதைப் பார்க்காமல் நட்டால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் என்னிடம் வந்த பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரைக் கேட்க வேண்டும். வேறெங்கோ அவசரமாக நட்டுக்கொண்டு வந்திருந்தார். முடி இருந்தது, நிறையவே இருந்தது. எல்லாம் துணி துவைக்கிற பிரஷ் மாதிரி விறைத்து நின்றது. காற்றடித்தால் அவர் சட்டை ஆடும், தலை ஆடாது. பிள்ளைகள் என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

உச்சிச்சுழிதான் இருப்பதிலேயே கஷ்டம். சிலருக்குக் கடிகார முள் போகிற பக்கம் சுழலும், சிலருக்கு எதிர்ப்பக்கம். அதனால் தம்பியிடம், "குவாரிக் காட்சியில உன் தலை நல்லாத் தெரியற மாதிரி ஒரு படம் கொண்டா" என்றேன். அவன் ஆளுயரப் போஸ்டரையே சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான். முதல் பாகத்தின் போஸ்டர். நாயகன் முகமே கிடையாது, முழுக்க முழுக்க இவன் முதுகு. சிகிச்சை அறைச் சுவரில் தானே ஒட்டினான். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று ரசித்தான். எங்கள் நர்ஸ், "டாக்டர், உங்க தம்பி முதுகு என்னையே முறைக்கற மாதிரி இருக்கு" என்றாள்.

போஸ்டரில் ஒவ்வொரு முடியையும் எண்ணலாம்போல் அத்தனை தெளிவு. சுழி கடிகார முள் போகிற பக்கம் சுற்றியது. தம்பியின் தலையில் வண்ணப் பேனாவால் அதே மாதிரி வரைந்துகொண்டேன்.

சிகிச்சை நாளன்று அவனைக் குப்புறப் படுக்க வைத்து, முகத்துக்கு ஓட்டை வைத்த தலையணை கொடுத்தோம். தலையை மரத்துப்போக வைத்தும் வாய் மரக்கவில்லை, தரையைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தான். காலையிலேயே பின்மண்டையிலிருந்து வேர்களை எடுத்து, குளிர்ந்த உப்புநீரில் வைத்துவிட்டோம். பிறகு நான் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உச்சியில் கீறல் போட ஆரம்பித்தேன்.

அவன் உச்சி முழுக்க மொட்டையில்லை. அங்கங்கே பூனைமுடி மாதிரி சில சொச்சங்கள் இருந்தன. அவை சாய்ந்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் வரைந்ததற்கு நேர் எதிராகச் சாய்ந்திருந்தன. தொப்பியிலேயே வாழ்ந்தவன், அழுத்தி அழுத்தித் திசை மாறியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எதிரே சுவரில் ஆளுயரச் சாட்சி இருக்கும்போது பூனைமுடியின் பேச்சை யார் கேட்பார்கள்? பாதிச் சுழிக்குக் கீறல் போட்டாகிவிட்டது.

"அக்கா, தோள் மரத்துப்போச்சு. ஒரு நிமிஷம்" என்றான்.

"சரி, கையை நீட்டிக்கோ. தலை அசையக்கூடாது."

படுத்தபடியே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து கோத்துக்கொண்டு முறித்தான். போஸ்டரில் நிற்கிற அதே நிலை. அட, என்று சிரித்துக்கொண்டே அவனைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், மறுபடி அவனைப் பார்த்தேன். வெயிலில் கறுத்த அவன் இடது மணிக்கட்டில் கடிகாரப் பட்டை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. போஸ்டரில் கடிகாரம் வலது கையில் இருந்தது.

"டேய், குவாரிக் காட்சியில வாட்ச் எந்தக் கையிலடா கட்டியிருந்த?"

"இடது கையிலதான். ஹீரோ சார் எப்பவும் இடது கைதானே."

"போஸ்டர்ல வலது கையில இருக்கு."

"ஓ, அதுவா?" என்றான் சாவகாசமாக. "படத்தோட பேரை இடப்பக்கம் போட இடம் வேணும்னு போட்டோவைத் திருப்பிப் போட்டுட்டாங்க. போஸ்டர்ல அடிக்கடி பண்றதுதான்."

"இதை ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே."

நர்ஸ் என்னைப் பார்த்தாள், நான் நர்ஸைப் பார்த்தேன். கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிகிற சுழியை நான் அவன் தலையில் நடப் பார்த்திருக்கிறேன். நட்டு முடித்திருந்தால் முடி அமோகமாக வளர்ந்திருக்கும். அடுத்த வருடம் இரண்டு பாகங்களையும் ஒட்டிப் பார்க்கும்போது நாயகனின் உச்சி ஒரு நொடியில் தலைகீழாகச் சுழன்றிருக்கும். தம்பியின் வேலையை அவனுடைய அக்காவே அடியோடு பிடுங்கியிருப்பாள். பூனைமுடி தெளிவாகச் சொல்லியும் கேட்காத என் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

ஒரே நல்ல காலம், கீறல்தான் போட்டிருந்தேன், ஒரு வேரைக்கூட நடவில்லை. நடாத கீறல் சில நாளில் தானே மூடிக்கொள்ளும்.

அவனிடம் மறைக்கவில்லை. "பாதித் தலைக்குத் தப்பான பக்கம் கீறிட்டேன்டா. இப்ப சரி பண்ணப் போறேன். நேரம் ஆகும், ஆறறதுக்கும் கொஞ்சம் கூட நாள் ஆகும்" என்றேன்.

தலையணை ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வேலை போயிடுமா அக்கா?"

"போகாது."

"அப்ப கீறு."

போஸ்டரைச் சுவரிலிருந்து பிய்த்து எடுக்கச் சொன்னேன். நர்ஸ் அதை ஆசையாகவே செய்தாள். பிறகு உயிரோடு இருந்த முடிகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் பார்த்து, அது சாய்கிற பக்கம் அதன் அக்கம்பக்கத்துக் கீறலையும் சாய்த்து, சுழியின் நடுப்புள்ளியிலிருந்து வெளியே வெளியே போனேன். சுழி எதிர்ப்பக்கமாக விரிந்தது. நட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றியபோது என் கழுத்து திரும்பவில்லை. தம்பி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

நட்ட முடி முதலில் கொட்டும். வேர் உள்ளேயே இருக்கும், பிறகு புதிதாகக் கிளம்பும். இதை அம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லியிருந்தேன். ஆனாலும் தலையணை உறையில் முடியைப் பார்த்த அன்று தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கூடப் பொறந்தவன் தலையிலயாடி உன் வித்தையைக் காட்டுவ? இருந்ததும் போச்சே!"

"இரும்மா, வளரும்."

"உங்க அப்பாவும் இப்படித்தான் வளரும் வளரும்னு சொல்லிக்கிட்டே போனார்."

வளர்ந்தது. முதலில் மாம்பழக் கொட்டை மாதிரி திட்டுத் திட்டாக, பிறகு ஒழுங்காக. தம்பி தொப்பியைக் கழற்றினான். அம்மா தன் முழங்கையைத் தியேட்டருக்குத் தயார்படுத்திக்கொண்டாள்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் குவாரியில் மறுபடி படப்பிடிப்பு. நான் போகாமல் இருப்பேனா? விடுப்பு போட்டுவிட்டுப் போனேன். காற்று உண்மையிலேயே பிய்த்துக்கொண்டு அடித்தது. கன்டினியூட்டி அம்மா கையில் பழைய காட்சியின் படத்தை வைத்துக்கொண்டு தம்பியை விளிம்பில் நிறுத்தி, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். எனக்குப் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. காற்றில் அவன் உச்சிமுடி பிரிந்து, சுழன்று, தானே பழைய இடத்தில் படிந்தது.

"அதே தலை" என்றார் அவர். "என்ன எண்ணெய் போடறீங்க?"

இது முடிந்தது என்று நான் மூச்சு விட்டால், அடுத்தது கிளம்பியது. இயக்குநருக்குத் தலை பிடித்தது, முதுகு பிடிக்கவில்லை. நாயகன் இந்தத் தடவை நண்பனை நினைத்து அழ வேண்டும். முகம் காட்டாமல், அசையாமல், முதுகிலேயே அது தெரிய வேண்டும். தம்பி தோளைக் குலுக்கினான். "குளிர்ற மாதிரி இருக்கு" என்றார் இயக்குநர். தலையைக் குனிந்தான். "செருப்பைத் தேடற மாதிரி இருக்கு." ஒரு வருடமாக வேலை போய்விடுமோ என்று இருந்தவனுக்கு உடம்பு முழுக்கப் பயம். இன்னொரு பக்கம் உடற்பயிற்சிக் கூடத்து ஆள், எதற்கும் இருக்கட்டும் என்று வரவழைக்கப்பட்டு, அதே சட்டையில் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் இளைப்பாறச் சொன்னார்கள். தம்பி என் பக்கத்தில் வந்து நின்றான்.

அப்போது அந்த நடிகரே எங்களிடம் வந்தார். கிட்டத்தில் பார்த்தால் நல்ல மனிதராகத்தான் இருந்தார்.

"டாக்டர், நம்ம முதுகுக்கு நீங்கதான் நட்டீங்களாமே? அப்படியே நிஜமா இருக்கு. எனக்கும் இதே மாதிரி நட்டு விடுங்களேன். இதே சுழி."

"இதே சுழி எதுக்கு சார்?"

"ஜனங்களுக்கு என் பின்னந்தலைன்னா இதுதானே. இது எனக்கு இருந்துட்டா நானே திரும்பி நிக்கலாம் பாருங்க. யாரையும் நம்பி இருக்க வேணாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது தம்பியின் தலையில் விழும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. தம்பி மட்டும் தன் செருப்பைப் பார்த்தான். நான் அவரைக் குடை மறைவில் உட்கார வைத்தேன். அவர் ஒட்டுமுடியைத் தூக்கினார். ஓரத்தில் மிச்சமிருந்த முடிகளை மொபைல் வெளிச்சத்தில் பார்த்தேன். இந்த முறை பூனைமுடிகளைத்தான் முதலில் கேட்டேன். அத்தனையும் கடிகார முள் போகிற பக்கம் சுழன்றன. திரும்பத் திரும்பப் பார்த்தேன், சந்தேகமே இல்லை.

"உங்களுக்குத் தாராளமா நடலாம் சார். ஆனா உங்க சுழிதான் நட முடியும். இவனோட சுழி எதிர்ப்பக்கம். அதை உங்க தலையில வச்சா, இருக்கற முடியும் நட்ட முடியும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கும். பாக்கறவங்களுக்கு ஒட்டுமுடியே தேவலைன்னு இருக்கும்."

"ஆனா போஸ்டர்ல என் சுழி மாதிரியேதானே இருந்தது?"

"போஸ்டர்ல திருப்பிப் போட்டதால ஒத்துப்போகும். படத்துல ஒத்துப்போகாது."

அவர் ஒட்டுமுடியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப எவ்வளவு செலவழிச்சாலும், பின்னால இருந்து பாத்தா நான் நானா இருக்க முடியாதா டாக்டர்?"

"நீங்க நீங்களா இருக்கலாம் சார். ஆனா ஜனங்க பாத்து அழறாங்களே, அது நீங்க இல்ல. அது என் தம்பி."

சொன்ன பிறகுதான் சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்று புரிந்தது. பக்கத்தில் நின்ற மேக்கப்காரர் தன் தூரிகையையே உற்றுப் பார்க்கத் தொடங்கினார். நடிகர் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். ஏற இறங்க, முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, எழுந்து அவன் தோளில் கை போட்டார்.

"இத்தனை நாளா உன்னை என் முதுகுன்னு சொல்லிக்கிட்டிருந்தேனேப்பா. நான்தான் உன் முகம் போலிருக்கு."

தம்பி சட்டென்று திரும்பி, விறுவிறுவென்று குவாரி விளிம்புக்குப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. அழுகிறான் என்பது பிடரியிலேயே தெரிந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று இரண்டடி வைத்தேன். பின்னாலிருந்து இயக்குநர் கத்தினார்.

"அந்த அம்மாவை யாராவது பிடிங்கப்பா! கேமரா போடு! முதுகு, அப்படியே நில்லு. தயவுசெஞ்சு திரும்பிடாதே!"